மோட்டார் வாகன விபத்து இழப்பீடு: கணக்கும் காகிதமும்

சாலையில் வாகனம் மோதிக் காயம்பட்டவரும், இறந்தவரின் குடும்பத்தாரும் நஷ்டஈடு கேட்டு மனுப் போடும் இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். 1939 ஆம் ஆண்டின் பழைய மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956-இல் கொண்டுவந்த திருத்தம் இதற்கு வழி திறந்தது. இன்று 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 165 ஆம் பிரிவு இதன் அடிப்படை. சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றமும், மற்ற ஊர்களில் பெரும்பாலும் மாவட்ட, சார்பு நீதிமன்றங்களும் தீர்ப்பாயமாக அமர்கின்றன. மனுவுக்கு எம்.சி.ஓ.பி. என்று எண் விழும். நீதிமன்ற வளாகத்தில் வழக்கின் பெயரும் அதுவே. 2022-இல் நாடு முழுவதும் 4,61,312 சாலை விபத்துகள் பதிவாயின. 1,68,491 பேர் இறந்தார்கள்; 4,43,366 பேர் காயமடைந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இத்தனை வீடுகளின் பிழைப்பும் இந்த முறை எப்படி நடக்கிறது என்பதில் தொங்குகிறது.

சட்டம் எழுதப்பட்ட விதத்தில் ஏழைக்குச் சாதகமான பல வாசல்கள் உண்டு. விபத்து நடந்த ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உளுந்தூர்ப்பேட்டை அருகே அடிபட்ட தென்காசிக்காரர் தம் ஊர் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஓட்டுநர் குற்றவியல் நீதிமன்றத்தில் விடுதலையானாலும் அந்த ஒரு காரணத்தால் இழப்பீட்டு மனு விழாது. கேட்ட தொகையைவிட நியாயமான தொகை கூடுதலாக வந்தால் அதையே கொடுக்கலாம் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணத்தை ஓட்டுநரின் சட்டைப் பையில் தேட வேண்டியதில்லை, காப்பீட்டு நிறுவனம் கட்டும். உரிமம் இல்லாதவர் ஓட்டினார் என்பது போன்ற தகராறுகளில்கூட, முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு உத்தரவிடும் வழக்கம் நிலைபெற்றிருக்கிறது. இது மனிதாபிமானமுள்ள ஏற்பாடு, கைவிடக் கூடாத ஏற்பாடு.

இந்த முறையின் இன்னொரு பலம் அதன் வாய்ப்பாடு. முன்பு ஒரே வயது, ஒரே வருமானம் உள்ள இரண்டு பேரின் மரணத்துக்கு இரண்டு ஊர்களில் இரண்டு விதமான தொகை கிடைக்கும். 2009-இல் சரளா வர்மா வழக்கின் தீர்ப்பு அதை ஒழுங்குபடுத்தியது. ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும்: 25 வயது வரை 18, 31 முதல் 35 வரை 16, 46 முதல் 50 வரை 13, 65-க்கு மேல் 5. 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, எதிர்கால வருமான உயர்வையும் கணக்கில் சேர்த்தது. சுயதொழில் செய்பவருக்கும் 40 வயதுக்குள் 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்றது. மாதச் சம்பளக்காரருக்கு மட்டுமே எதிர்காலம் உண்டு என்பது போல அதுவரை பல தீர்ப்புகள் இருந்தன. கொத்தனாருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் நாளை கூலி உயரும் என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றம் வாய்ப்பாட்டிலேயே எழுதியது சிறிய மாற்றமல்ல.

வாய்ப்பாடு நேர்மையானது. அதற்குள் போடப்படும் எண்களில்தான் சிக்கல்.

காயம்பட்டு உயிர் பிழைத்தவரின் வழக்கில் இது பளிச்சென்று தெரியும். மருத்துவ வாரியம் ஊனத்தை அளந்து ஒரு சதவீதம் தருகிறது. அந்தச் சதவீதத்தை வைத்து இழப்பீடு கணக்கிடத் தமிழ்நாட்டில் இரண்டு வழிகள் நடப்பில் உள்ளன. ஒன்று, ஒரு சதவீதத்துக்கு 3,000 ரூபாய், 5,000 ரூபாய் என்று ஒரு விலை வைத்துப் பெருக்குவது. மற்றது, ஊனத்தால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று பார்த்துப் பெருக்கெண் முறையைப் பயன்படுத்துவது. 32 வயதுக் கொத்தனார் ஒருவரைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். முழங்காலுக்குக் கீழே நொறுங்கி, எலும்பு கோணலாகக் கூடி, 40 சதவீத ஊனம் என்று சான்று வந்திருக்கிறது. முதல் வழியில் சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்றால் அவருக்குக் கிடைப்பது 2,00,000 ரூபாய். இரண்டாவது வழியில், மாத வருமானம் 12,000 என்று குறைவாகவே வைத்தாலும், 40 சதவீத எதிர்கால உயர்வோடு 16,800, ஆண்டுக்கு 2,01,600, பெருக்கெண் 16, மொத்தம் 32,25,600. இனிச் சாரத்தில் ஏற முடியாத அவருடைய சம்பாத்தியத் திறன் 60 சதவீதம் போய்விட்டது என்று தீர்ப்பாயம் ஏற்றால் 19,35,360 ரூபாய். ஒரே கால், ஒரே சான்று; பத்து மடங்குக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம்.

2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே பிரித்துக் காட்டியது. இடது கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ தொழிலையே இழக்கிறார். அதே கையை இழந்த அரசு அலுவலக எழுத்தர் வேலையில் தொடரக்கூடும். ஆகவே உடலின் ஊனச் சதவீதமும் வருமான இழப்புச் சதவீதமும் ஒன்றல்ல. தொழிலைப் பாதிக்காத சிறு ஊனத்துக்குச் சதவீத விலை போதுமானதாக இருக்கலாம். உடலை முதலாக வைத்துப் பிழைப்பவருக்கு அதைப் பயன்படுத்துவது அநீதி. அவர் எந்த வழியில் கணக்கிடப்படுவார் என்பது பெரும்பாலும் அவருடைய வக்கீல் மருத்துவரைக் கூண்டில் ஏற்றி என்ன கேட்டார் என்பதைப் பொறுத்தது. குந்தி உட்கார முடியுமா, ஏணி ஏற முடியுமா, பத்துக் கிலோ தூக்க முடியுமா என்ற கேள்விகள் கேட்கப்படாத வழக்கில் சான்றில் உள்ள சதவீதம் மட்டுமே மிஞ்சும்.

வருமானத்தை நிரூபிப்பதிலும் இதே கதை. சம்பளச் சீட்டு உள்ளவருக்குத் தொல்லை இல்லை. சனிக்கிழமை மேஸ்திரி கையில் கூலி வாங்குகிறவரிடம் என்ன காகிதம் இருக்கும்? அவருக்குத் தீர்ப்பாயம் ஒரு தொகையை உத்தேசமாக வைக்கிறது. அந்த உத்தேசம் சந்தைக் கூலிக்குப் பின்னால் பல ஆண்டுகள் தங்கி நிற்கிறது. விபத்தில் காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கு 2014-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கீழே மாதம் 3,500 ரூபாய் என்று வைத்திருந்ததை அது 6,500 ஆக உயர்த்தியது. அமைப்புசாராத் தொழிலாளியிடம் வருமான ஆவணம் எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று கருதியது. அந்த நியாயம் கிடைக்க அவர் டெல்லி வரை போக வேண்டியிருந்தது என்பதே இந்த முறையின் மேல் வைக்க வேண்டிய குற்றச்சாட்டு.

இல்லத்தரசியின் உழைப்பு இதைவிட மோசமாக மதிக்கப்பட்டது. 1994-இல் சட்டத்தில் சேர்த்த அட்டவணை, சம்பாதிக்காத மனைவியின் வருமானத்தைக் கணவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்காக வைத்தது. சமையலும் பிள்ளை வளர்ப்பும் முதியோர் பராமரிப்பும் கணவருடைய சம்பளத்தின் பின்னம்! 2009-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் எழுதிய தீர்ப்பு இந்த மதிப்பீட்டைக் கேள்விக்கு உட்படுத்தியது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை மேற்கோள் காட்டிப் பேசியது. 2021-இல் இல்லத்தரசியின் உழைப்புக்கு உத்தேச வருமானம் வைப்பதோடு எதிர்கால உயர்வும் சேர்க்கலாம் என்பது உறுதியானது. தமிழ்நாட்டிலிருந்து கிளம்பி நாடு முழுவதற்கும் பயன்பட்ட சிந்தனை இது.

எல்லா வழக்கும் உண்மையில் முளைப்பது மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவு மேசையில். அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதும் ஓரிரு வரிதான் ஏ.ஆர். காப்பி. இரவு பதினொரு மணிக்கு ரத்தத்தோடு வந்தவரைச் சேர்க்கும் பதற்றத்தில், போலீஸ் தொந்தரவு வேண்டாம் என்று எண்ணி, கூட வந்தவர் "பைக்கிலிருந்து தானா விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுகிறார். அதுவே பதிவாகிறது. இரண்டு ஆண்டு கழித்து, கார் இடித்ததாக மனுவில் சொல்லும்போது காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் நீட்டும் முதல் காகிதம் அந்த ஏ.ஆர். காப்பிதான். முதல் தகவல் அறிக்கை பல நாள் தாமதமாகப் பதிவாகியிருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகிறது. எந்த வண்டி, என்ன எண், எந்தப் பக்கம் இடித்தது என்பதை அந்த நேரத்திலேயே சொல்ல வேண்டும் என்று யாரும் மக்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை.

இதைச் சரிசெய்யும் பொறுப்பைச் சட்டம் இப்போது காவல் துறை மேல் வைத்திருக்கிறது. 2022 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 50 நாளுக்குள் இடைக்கால அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளவும் தீர்ப்பாயத்தால் முடியும். ஒழுங்காக நடந்தால் காயம்பட்டவர் காகிதத்துக்கு அலைய வேண்டியதே இல்லை. ஆனால் பந்தோபஸ்தும் வழிப்பறி விசாரணையும் ஒரே மேசையில் குவியும் காவல் நிலையத்தில் இது கடைசி வேலையாகிவிடுகிறது. இதற்கெனத் தனிப் பிரிவு வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதன் பொருள் அதுதான்.

சிகிச்சைச் செலவில் நிலைமை தேறியிருக்கிறது. தமிழ்நாட்டின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கி, முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. மத்திய அரசின் திட்டம் 2025 மே மாதம் வந்தது. ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டு. அதை வரவழைத்த உத்தரவு, கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில் பிறந்தது. புதிய காருக்கு மூன்று ஆண்டும் இருசக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டும் சேர்த்து மூன்றாம் நபர் காப்பீடு எடுக்க வேண்டும் என்று 2018-இல் வந்ததும் அதே வழக்கில்தான்.

வழக்கறிஞர் உதவி இந்த முறையின் இருமுனைக் கத்தி. வெற்றி பெற்றால் இத்தனை பங்கு என்று கட்டணம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் கழக விதிகள் தடை செய்கின்றன. அமெரிக்காவில் அது வெளிப்படையான, எழுத்து ஒப்பந்தத்தோடு நடக்கும் வழக்கம். இங்கே தடை இருந்தும் சதவீதப் பேச்சு வாய்மொழியாக நடக்கிறது. கையில் காசில்லாத கொத்தனாருக்கு அது இல்லாவிட்டால் வழக்கே இல்லை என்பதும் உண்மை. எழுத்தில் இல்லாததால் கடைசியில் எவ்வளவு பிடித்தாலும் கேட்க வழியில்லை என்பதும் உண்மை. பிணவறை வாசலிலும் எலும்பு முறிவு வார்டிலும் வக்காலத்தில் கையெழுத்து வாங்கத் திரியும் தரகர்கள் இந்த இருட்டில்தான் வளர்கிறார்கள். அதன் முற்றிய வடிவம் போலி வழக்கு: வேறு விபத்தில் அடிபட்டவரைக் காப்பீடு உள்ள வண்டியோடு சேர்த்துவிடுவது. உத்தரப் பிரதேசத்தில் இதை விசாரிக்க 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கச் சொன்னது. போலி வழக்கு ஒவ்வொன்றும் உண்மையான மனுதாரர் மேல் சந்தேகத்தைக் கூட்டுகிறது. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தர வேண்டும் என்பது 1987 ஆம் ஆண்டுச் சட்டம். வார்டில் தரகருக்கு முன்பே அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். இன்று அப்படி இல்லை.

2019 திருத்தம் ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்தது. தவறு யாருடையது என்று நிரூபிக்காமலேயே மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் பெறலாம் என்றது. அடையாளம் தெரியாத வண்டி இடித்துவிட்டுப் போனால் கிடைக்கும் தொகையை மரணத்துக்கு 25,000-லிருந்து 2 லட்சமாக உயர்த்தியது. ஆனால் 2.5 லட்சத்தை ஏற்றுக் கையெழுத்திட்டால் தீர்ப்பாயத்தில் உள்ள மனு காலாவதியாகும். மேலே கண்ட கொத்தனாரின் 19 லட்சம் அந்தக் கையெழுத்தில் போய்விடும். 1994-இல் நீக்கிய ஆறு மாதக் காலவரம்பும் 2022 ஏப்ரல் 1 முதல் திரும்ப வந்திருக்கிறது. இடுப்பில் தகடு வைத்துப் படுக்கையில் கிடப்பவருக்கு ஆறு மாதம் என்பது ஒன்றுமில்லை. இந்தத் திருத்தத்தில் வருந்தத்தக்க பகுதி இதுவே.

தீர்ப்பு வந்தாலும் பணம் வர வேண்டும். மாநிலப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளுக்குத் தனியார் வண்டிகளைப் போலக் காப்பீடு கட்டாயமில்லை; கழகமே தன் நிதியிலிருந்து கட்ட வேண்டும். கட்டாதபோது மனுதாரர் நிறைவேற்று மனுப் போடுகிறார். பிறகு ஒருநாள் நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கு வந்து, பயணிகளை இறக்கிவிட்டு, பேருந்தின் முன்கண்ணாடியில் ஜப்தி நோட்டீஸை ஒட்டுகிறார். தமிழ்நாட்டு நாளிதழ்களில் அடிக்கடி வரும் படம் இது. தன் பேருந்தைத் தன் நீதிமன்றமே பிடித்துவைக்கும் நிலைக்கு அரசு போக வேண்டிய அவசியம் இல்லை.

இத்தனை வாய்தாக்களுக்கு அஞ்சிப் பலர் மக்கள் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். அங்கே சமரசம் ஒரே நாளில் முடியும், மேல்முறையீடு கிடையாது, காப்பீட்டு நிறுவனம் இழுக்கவும் முடியாது. வேகத்துக்கு விலையாகத் தொகையில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க நேரும். எவ்வளவு விடலாம் என்று முடிவு செய்ய, பெருக்கெண் முறையில் தமக்கு எவ்வளவு வரும் என்று மனுதாரருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு அவர் கையில் கொடுக்கும் வக்கீல்கள் இருக்கிறார்கள். கொடுக்காமலேயே கையெழுத்து வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக, இழப்பீடு ஒரே தடவை தரும் தொகை. காலில் வைத்த கம்பியை எடுக்கும் அறுவைச் சிகிச்சை, சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய செயற்கைக் கால், படுத்த படுக்கையானவருக்குத் துணையாளின் கூலி எல்லாவற்றையும் தீர்ப்பு நாளிலேயே மதிப்பிட்டாக வேண்டும். பிறகு காயம் மோசமானால் வழக்கைத் திறக்க முடியாது. 2020-இல் மூளையில் அடிபட்ட சிறுமி ஒருவரின் வழக்கில், துணையாள் செலவையும் பெருக்கெண் முறையில் வாழ்நாள் முழுவதற்கும் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவரின் எழுத்து மதிப்பீடு மனுவோடு இருந்தால் மட்டுமே கீழ்த் தீர்ப்பாயத்தில் அந்தக் கணக்குத் தொடங்கும்.