படங்களில் கிரேக்கத் தொன்மங்கள்

கிரேக்கத் தொன்மங்களைப் படக்கதையாக்குவது அவற்றின் தரத்தைத் தாழ்த்துவதாகும் எனக் கருதுவோர் உளர். வரலாறு இக்கருத்திற்கு இடந்தரவில்லை. ஃபிளாரன்ஸ் அருங்காட்சியகத்திலுள்ள பிரான்சுவா கலயத்தை கி.மு. 570 அளவில் கிளெய்தியாஸ் தீட்டினார். ஏறத்தாழ 270 உருவங்கள் அதில் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. பலவற்றினருகே பெயரும் எழுதப்பட்டுள்ளது. படமும் எழுத்தும் இணைந்து கதை சொல்வது கிரேக்கருக்குப் பழைய வழக்கமே. ஆகவே படம் தகுமா என்பதன்று நம் வினா. அது எதைக் காட்டி எதை மறைக்கிறது என்பதே.

இங்க்ரி, எட்கர் பாரின் டோலேர் தம்பதியர் 1962இல் வெளியிட்ட கிரேக்கத் தொன்ம நூல் இன்றும் பிள்ளைகளை ஈர்க்கிறது. பக்கங்களை நிறைக்கும் அதன் ஓவியங்களில் வியப்பும் நகைச்சுவையும் உண்டு. ஆயினும், சியூஸ் வஞ்சித்தும் வலிந்தும் பெண்களை அடைந்த செய்திகளை இந்நூல் திருமணங்களாகவே கூறுகிறது. சிறுவர் பொருட்டுச் செய்த மாற்றம் என்பது விளங்குகிறது. ஆனால் அதன் விளைவென்ன? ஹேராவின் சினம் வெறும் பொறாமையாகச் சுருங்குகிறது. தீங்கு செய்தவன் பெருமிதத்தோடு நிற்க, தீங்கிற்குள்ளானவள் கொடியவளாகிறாள்.

ஜார்ஜ் ஓகானர் 2010 முதல் 2022 வரை பன்னிரு நூல்களாக ஒலிம்பியர் கதைகளை வரைந்து முடித்தார். 2012இல் வந்த ஹேடிஸ் நூலில் பெர்செபோனேயின் கதை இடம்பெறுகிறது. பழம்பாடலில் தந்தை சியூஸின் இசைவோடு அவள் கடத்தப்படுகிறாள். தாய் தெமேத்தரின் துயரமே பாடலின் உயிர். ஓகானரோ மகளுக்குத் தனி மனத்தைத் தருகிறார். பாதாளத்தின் அரசியாயிருப்பதை அவள் மெல்ல விரும்பத் தொடங்குகிறாள். இது ஆதாயமே. எனினும், பின்னர் விரும்பினாள் என்பதால் முன்னர் இழைத்த தீங்கு நேர்மையாகிவிடாது. நூலிறுதியில் குறிப்புகளையும் கலந்துரையாடலுக்கான வினாக்களையும் ஆசிரியர் சேர்த்திருப்பது பாராட்டற்குரியது. வாசகர் மூலத்தை நாட அவை வழிகாட்டும்.

இவ்விரு நூல்களையும் பிள்ளைகளோடு அமர்ந்து வாசிக்கலாம் என்றே நாம் பரிந்துரைப்போம். "அவளுடைய சம்மதத்தை யாரேனும் கேட்டார்களா?" என்று ஒரு பிள்ளை வினவுமானால், அவ்வினாவை அடக்காதிருப்போமாக. அதுவே வாசிப்பின் பயன்.

இத்தொன்மங்களை அறிவது வேத மாணவர்க்கும் இன்றியமையாதது. லீஸ்திராவில் பர்னபாவை யூப்பித்தர் என்றும் பவுலை மெர்க்கூரி என்றும் மக்கள் அழைத்ததாக நம் பழைய மொழிபெயர்ப்பில் படிக்கிறோம். கிரேக்க மூலத்திலுள்ள பெயர்கள் சியூஸ், ஹெர்மேஸ் என்பன. இவ்விரு தேவரும் மானிட வேடத்தில் பிரிகியா நாட்டிற்கு வந்ததையும், அவர்களை ஏற்க மறுத்த ஊர் நீரில் அமிழ்ந்ததையும், வரவேற்ற முதிய தம்பதியர் மட்டும் தப்பியதையும் ஓவித் பாடியுள்ளார். அக்கதையை அறிந்தவருக்கு, லீஸ்திரா மக்கள் காளைகளையும் பூமாலைகளையும் கொண்டு விரைந்தது மூடத்தனமாக மட்டும் தோன்றாது. அதில் அச்சமும் விருந்தோம்பலும் கலந்திருத்தல் கூடும். பிறர் கதையை முழுமையாகக் கேளாமல் அவரை நியாயமாகப் புரிந்துகொள்ள நம்மால் இயலுமோ?