தாய் ஏந்திய துப்பாக்கி

செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் 'தாய்' நாடகம் 1938இல், ஹிட்லரின் நிழல் அவரது சிறிய குடியரசின்மீது படர்ந்த நாள்களில் மேடையேறியது. கணவனையும் மைந்தர் நால்வரையும் இழந்த தாய், கடைசி மகனைப் போருக்கு அனுப்ப மறுக்கிறாள். இறந்தோர் வந்து வாதாடியும் அவள் இசையவில்லை. பகைவர் குழந்தைகளைக் கொல்வதாக வானொலி அறிவித்ததும், துப்பாக்கியைத் தானே எடுத்து மகனிடம் தருகிறாள்.

இம்மாற்றம் சற்று விரைந்து நிகழ்வது நாடகத்தின் குறையே. எனினும் ஆசிரியர் போரைப் போற்றவில்லை. எளியோரைக் காக்கும் கடமையையே நம்முன் வைக்கிறார்.

அவ்வாண்டு செப்டம்பரில் பிரிட்டனும் பிரான்சும் இத்தாலியும் மியூனிக்கில் ஹிட்லருடன் கூடி, செக்கோஸ்லோவாக்கியாவை அழைக்காமலேயே அதன் எல்லைப்பகுதிகளை அவருக்கு ஈந்தன. 1939 மார்ச்சில் பிராகா நகரும் வீழ்ந்தது. அயலார் பிள்ளைகளை விலையாகக் கொடுத்து வாங்கியதை அமைதி என்றழைக்க நாம் துணியோம்.