பபெற் யாருக்காகச் சமைத்தாள்?

அகதி எழுதினால் அழவேண்டும், இல்லையேல் சாட்சி சொல்லவேண்டும் என்று எங்களிடையே எழுதாத சட்டம் ஒன்றுண்டு. எழுதும் சந்தோஷத்துக்காகவே எழுதினேன் என்பவனைக் குற்றவாளிபோல் பார்க்கிறார்கள். அவன் தரப்பில் பேச எனக்குக் கிடைத்தவள் ஒரு சமையல்காரி.

டெனிஷ் எழுத்தாளர் கரன் பிளிக்சனின் 'பபெற்றின் விருந்து' 1950இல் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்த கதை. 1987இல் கப்ரியேல் அக்செல் அதைப் படமாக்கினார். மறுவருடம் ஒஸ்கார் கிடைத்தது.

பபெற் எங்களைப் போல ஓர் அகதி. 1871இல் பாரிஸ் கொம்யூன் நசுக்கப்பட்டபோது கணவனையும் மகனையும் பறிகொடுத்து நோர்வேக்கு வந்தவள். பக்தி மிகுந்த இரு சகோதரிகளின் வீட்டில் பன்னிரண்டு வருடங்கள் மீனும் ரொட்டிக் கஞ்சியும் காய்ச்சுகிறாள். லொத்தரில் விழுந்த 10,000 பிராங்குகளையும் ஒரே இரவு விருந்தில் முடிக்கிறாள். விருந்தினரோ, சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று முன்கூட்டியே தமக்குள் உறுதி எடுத்தவர்கள். எங்களுக்காகவா இவ்வளவும் என்று சகோதரிகள் உருகுகிறார்கள். இல்லை, எனக்காக என்கிறாள் பபெற்.

றெஸ்ரோறன்ற் ஒன்றில் கோப்பை கழுவும் எனக்கு இந்தப் பதில் விளங்குகிறது. இரவு வேலை முடிந்து வந்து, எவரும் கேட்காத ஒரு பந்தியை நாலாந் தரமும் திருத்துகிறேன். அதற்குச் சம்பளமும் இல்லை, சமூகப் பயனும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு மணித்தியாலம் நான் எவருடைய வேலையாளும் அல்ல.

பலர் கதையை இந்த இடத்திலேயே முடித்துக்கொள்கிறார்கள். முள் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. தடையரண்களில் நின்று துப்பாக்கிகளுக்கு மருந்து நிரப்பிய அதே பபெற், தன் சனங்களைக் கொன்ற பிரபுக்களுக்காகவும் துக்கப்படுகிறாள். அவர்கள் கொடியவர்கள் என்பதை அவள் மறுக்கவில்லை. அவளுடைய கைப்பக்குவத்தின் ருசி தெரிந்தவர்கள் அவர்கள்தான். விருந்து மேசையிலும் ஒரேயொரு ஜெனரல்தான் அந்த ருசியை இனங்காண்கிறார். சமைத்தவள் யாரென்று அவருக்குத் தெரியாது.

ஆக, 'எனக்காக' என்பதற்குள்ளும் இன்னொருவர் இருக்கிறார். வாசகனே வேண்டாம் என்று எழுதுபவனை நான் நம்பமாட்டேன். பாராட்டு வேண்டாம் என்பது வேறு. ருசி தெரிந்த நாக்கு வேண்டாம் என்பது வேறு.

நான் பாதியில் விட்ட பல்கலைக்கழகத்தில் என் எழுத்தை வரிவரியாய்ப் பிழை பிடித்தவன் ஒருவன் இருந்தான். பிறகு இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றோம். இன்றும் ஒரு வசனம் சரியாய் விழுந்தால் முதலில் அவன் முகந்தான் வருகிறது. அந்தச் சந்தோஷத்தை அழுகை என்று எழுத எனக்கு மனமில்லை.