விரலால் திருப்பிப் பார்க்கும் வெக்டர்: ஜியோஜீப்ரா முப்பரிமாணச் செயலி

பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் ஆறாவது பாடம் ‘வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள்’. மதிப்பெண் வாங்க எளிதான பாடம் என்று அதற்குப் பெயர். அணிக்கோவையை விரிக்கத் தெரிந்தால் போதும், விடை வந்துவிடும். அதனாலேயே அந்தப் பாடத்தைக் கண்ணால் பார்க்காமலேயே பிள்ளைகள் முடித்துவிடுகிறார்கள். குறுக்குப் பெருக்கத்தைப் பிழையில்லாமல் கண்டுபிடித்த மாணவியிடம், “இந்த வெக்டர் எந்தப் பக்கம் நிற்குதும்மா, கையால காட்டு” என்று கேட்டுப் பாருங்கள். கை எழாது. குறை அவளிடம் இல்லை. கரும்பலகையும் தட்டை, நோட்டும் தட்டை, பாடம் மட்டும் மூன்று திசைகளில் போகிறது.

இந்த இடைவெளியை ஒரு கைப்பேசிச் செயலி எவ்வளவு தூரம் அடைக்கும் என்று பார்ப்பதற்காக ஜியோஜீப்ராவின் முப்பரிமாணக் கணிப்பானை எடுத்துக்கொண்டேன். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் தம் முதுநிலை ஆய்வாகத் தொடங்கிய மென்பொருள் இது. பல ஆண்டுகள் தளத்தில் வரையும் கருவியாகவே இருந்தது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் முப்பரிமாணம் சேர்ந்தது. நம் பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்று க்யூஆர் குறியீட்டோடு வரும் பக்கங்கள் பலவும் ஜியோஜீப்ராவுக்குத்தான் கூட்டிப்போகின்றன. ஆனால் அங்கே இருப்பவை பிறர் முன்கூட்டியே செய்துவைத்த தாள்கள். நான் சொல்லப்போவது எதுவும் இல்லாத வெற்றுத் திரையைப் பற்றி. நாமே எண்ணைப் போட்டு நாமே வரையும்போதுதான் கற்றல் நடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

திறந்ததும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அச்சுகள், நடுவில் சாம்பல் நிறத் தளம், கீழே உள்ளீட்டு வரி. இங்கே ஒரு நுணுக்கத்தை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலச் சிற்றெழுத்தில் பெயர் வைத்து மூன்று எண்களைக் கொடுத்தால் அம்புக்குறியோடு வெக்டர் வரும். அதே எண்களுக்குப் பேரெழுத்தில் பெயர் வைத்தால் புள்ளிதான் வரும். புள்ளி வேறு, வெக்டர் வேறு என்பதைப் பெயரிலேயே பிரித்துவைத்தது நல்ல யோசனை. ஆனால் அதைத் திரையில் எங்கும் சொல்லாமல் விட்டது சரியல்ல. புதிதாக வரும் மாணவன் அம்பு ஏன் வரவில்லை என்று தடுமாறுவான். இன்னொன்று: இரண்டு வெக்டர்களுக்கு நடுவே நட்சத்திரக் குறி போட்டால் கிடைப்பது புள்ளிப் பெருக்கம், அதாவது வெறும் எண். குறுக்குப் பெருக்கத்துக்கு வட்டத்துக்குள் இருக்கும் பெருக்கல் குறியையோ ‘கிராஸ்’ என்ற கட்டளையையோ பயன்படுத்த வேண்டும்.

சோதனைக்கு (1, 2, 2), (2, 1, −2) என்று இரண்டு வெக்டர்களைப் போட்டேன். அவற்றை அ, ஆ என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் நீளமும் 3. புள்ளிப் பெருக்கம் 2 + 2 − 4 = 0; ஆகவே ஒன்றுக்கொன்று செங்குத்து. திரையில் பார்த்தால் அப்படித் தெரியாது. ஒரு கோணத்தில் விரிகோணமாகவும், சற்றுத் திருப்பினால் குறுங்கோணமாகவும் தெரியும். இரண்டு வெக்டர்களும் கிடக்கும் தளத்தை வரைந்து, அதற்கு நேர் எதிரே பார்வையைக் கொண்டுபோகும் கருவியைத் தட்டினால் படம் மெல்லச் சுழன்று வந்து நிற்கும். அப்போது அந்த 90 பாகை கண்ணுக்குத் தெரிகிறது. புள்ளிப் பெருக்கம் பூச்சியம் என்ற ஒற்றை எண் எதைச் சொல்கிறது என்பதும், கண்ணை நம்பாமல் கணக்கை நம்ப வேண்டிய இடம் எது என்பதும் ஒரே அசைவில் விளங்கிவிடுகின்றன. ஒரு எச்சரிக்கை: அமைப்புகளில் மூன்று அச்சுகளின் அளவு விகிதத்தையும் தனித்தனியே மாற்றலாம். யாராவது அதை மாற்றிவைத்திருந்தால் நேர் எதிரே நின்று பார்த்தாலும் செங்கோணம் கோணலாகத்தான் தெரியும்.

குறுக்குப் பெருக்கம் (−6, 6, −3). நீளம் 9. மூன்றுக்கு மூன்று சதுரத்தின் பரப்பளவும் 9 என்பதால் கணக்கு சரி. ஆனால் ஒன்பது அலகு அம்பு தொடக்கக் காட்சியை விட்டு வெளியே ஓடிவிடுகிறது. விரல்களைக் குவித்துப் படத்தைச் சிறிதாக்கினால்தான் அதன் தலை தெரியும். திசை மட்டும் போதுமென்றால் அலகு வெக்டராக மாற்றிக்கொள்ளலாம். வரிசையை மாற்றி ஆ-வை முன்னால் போட்டால் அம்பு தளத்தின் மறுபக்கம் குத்திட்டு நிற்கிறது. வலக்கை விதியை எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் மனதில் நிற்காதவர்களுக்கு இந்த ஒரு மாற்றம் போதும்.

இந்தச் செயலியின் மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் ஒன்று உண்டு. வெக்டரை எண்களால் கொடுத்தால் எப்போதும் ஆதிப்புள்ளியில் இருந்தே வரைகிறது. பாடநூல் கட்டிலா வெக்டர் என்று சொல்லி, நீளமும் திசையும் மாறாதவரை எங்கு வைத்தாலும் அதே வெக்டர்தான் என்று கற்பிக்கிறது. திரையோ எல்லா அம்புகளையும் ஒரே இடத்தில் நட்டுவைக்கிறது. வேறு புள்ளியில் இருந்து வரைய ‘டிரான்ஸ்லேட்’ கட்டளையில் வெக்டரையும் தொடக்கப் புள்ளியையும் கொடுக்க வேண்டும். அது வேலை செய்கிறது. ஆனால் தேடிப்போய்த் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அம்பை விரலால் பிடித்து நகர்த்தி வேறிடத்தில் வைக்க முடிந்தால், வெக்டர் கூட்டலின் பாதிப் பாடம் சொல்லாமலே புரியும்.

திசையிலி முப்பெருக்கலுக்கு வந்தால் செயலி பிரகாசிக்கிறது. ஒரு நகர்த்தியை உருவாக்கி, மூன்றாவது வெக்டரை (3, 3, க) என்று கொடுங்கள். க என்பது நகர்த்தியின் மதிப்பு. பட்டகம் வரையும் கட்டளையால் மூன்று வெக்டர்களின் மேலும் இணைகரத் திண்மத்தை எழுப்பலாம். முப்பெருக்கலின் மதிப்பு −3க. நகர்த்தியைப் பூச்சியத்தை நோக்கி இழுக்க இழுக்க அந்தத் திண்மம் சாய்ந்து, அமுங்கி, க = 0 ஆகும்போது ஒரே தளத்தில் படுத்துவிடுகிறது. அ-வையும் ஆ-வையும் கூட்டினால் (3, 3, 0) வருவதால்தான் அப்படி. மூன்று வெக்டர்கள் ஒரே தளத்தில் அமைந்தால் முப்பெருக்கல் பூச்சியம் என்று மனப்பாடம் செய்த வரிக்கு இதைவிட நேரான காட்சி இல்லை. பூச்சியத்தைத் தாண்டி இழுத்தால் திண்மம் மறுபக்கம் எழுகிறது. விடையின் குறியும் மாறுகிறது. குறி எதற்கு, கன அளவுக்கு மட்டுமதிப்பு போதாதா என்று கேட்கும் பிள்ளைக்கு அங்கே விடை இருக்கிறது.

ஒரு தளம் அமையாக் கோடுகளைத்தான் நான் அதிக நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இணையாகவும் இல்லாமல், வெட்டிக்கொள்ளாமலும் போகும் இரண்டு கோடுகள். தட்டையான தாளில் இதை வரையவே முடியாது. எப்படி வரைந்தாலும் வெட்டிக்கொள்வதுபோலவோ, நீட்டினால் வெட்டும் என்பதுபோலவோ, இணையாகப் போவதுபோலவோதான் இருக்கும். (1, 0, 2) வழியாக அ-வின் திசையில் ஒரு கோடு, (0, 3, 1) வழியாக ஆ-வின் திசையில் இன்னொரு கோடு போட்டேன். நேர் மேலிருந்து பார்த்தால் இரண்டும் அழகாக வெட்டிக்கொள்கின்றன. பக்கவாட்டில் திருப்பினால் அந்த இடத்தில் ஒரு கோடு தளத்துக்கு மேலே 20/3 உயரத்தில் போகிறது, மற்றது தளத்துக்குக் கீழே 7/3 ஆழத்தில். நடுவே 9 அலகு வெறும் வெளி. மேலிருந்து பார்த்தவர் எவ்வளவு ஏமாந்திருப்பார் என்பது அப்போதுதான் தெரிகிறது.

அந்த 9 மீச்சிறு தூரம் அல்ல. அது செங்குத்தாகக் கீழே அளந்த இடைவெளி மட்டுமே. கோடுகளின் மேலுள்ள இரண்டு புள்ளிகளை இணைக்கும் வெக்டர் (−1, 3, −1). அதை அ, ஆ என்ற நம் வெக்டர்களோடு சேர்த்து இணைகரத் திண்மமாக்கினால் கன அளவு 27. அடிப்பரப்பு 9. வகுத்தால் உயரம் 3. அதுதான் இரு கோடுகளுக்கும் இடையிலான மீச்சிறு தூரம். தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் சூத்திரத்தின் மேலே முப்பெருக்கலும் கீழே குறுக்குப் பெருக்கத்தின் நீளமும் ஏன் உட்கார்ந்திருக்கின்றன என்பது, கன அளவை அடிப்பரப்பால் வகுத்தால் உயரம் என்ற கீழ்வகுப்பு அறிவாகக் கரைந்துவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. முதல் கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு தளம் போட்டு, அதன் எதிரே நின்று பாருங்கள். இணை வீழல் முறையில் அந்தக் கோடு முழுதும் ஒரே புள்ளியாகிவிடும். அந்தப் புள்ளிக்கும் இரண்டாவது கோட்டுக்கும் இடையே திரையில் தெரியும் செங்குத்துத் தூரமே 3. ஒரு கோட்டின் மேல் (4/3, 2/3, 8/3), மற்றதன் மேல் (−2/3, 8/3, 5/3) ஆகிய இரண்டு புள்ளிகளையும் குறித்து இணைத்தால், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு சிறு பாலம் இரண்டையும் பிடித்திருக்கும்.

அந்தப் புள்ளிகளைச் செயலியிடமே கண்டுபிடிக்கச் சொன்னால் 1.33, 0.67, 2.67 என்று தசமத்தில் சொல்லும். இயல்பாக இரண்டு தசம இடங்களோடு நிறுத்திக்கொள்கிறது. அமைப்புகளில் இதைக் கூட்டலாம், கூட்டத்தான் வேண்டும். தூரம் 0.004 என்று இருந்தால் இரண்டு இடங்களில் அது 0 என்றே தெரியும். வெட்டாத கோடுகளை வெட்டும் கோடுகள் என்று மாணவர் எழுதிவிடுவார். கையால் போட்ட கணக்கைச் சரிபார்க்க இந்தச் செயலி அருமையானது. கையால் போடாதவருக்கு ஆபத்தானது.

புள்ளிகளை விரலால் நகர்த்துவது ஓரளவு சரி. ஒருமுறை தொட்டால் கிடைத்தளத்தில் நகரும், மறுமுறை தொட்டால் மேலும் கீழும் மட்டும் நகரும். தட்டைத் திரையில் மூன்றாவது திசையைக் கொடுக்க இதைவிடத் தெளிவான ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சின்னத் திரையில் பெரிய விரல் பக்கத்துப் புள்ளியைப் பிடித்துவிடுகிறது. ஆறேழு பொருள்களுக்கு மேல் போனால் பெயர் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. சுழற்றுவதை நிறுத்திய கணத்தில் ஆழம் போய்விடுவதும் உண்மை. அதற்கு முப்பரிமாணக் கண்ணாடி போட்டுப் பார்க்கும் வீழல் முறை ஒன்று உள்ளது. கேமராவின் வழியே உருவத்தை மேசைமேல் நிறுத்தி, நாமே சுற்றி நடந்து பார்க்கும் வசதியும் உண்டு. பின்னதற்கு ஏற்ற கைப்பேசி வேண்டும். எல்லா விலைக் கைப்பேசிகளிலும் அது வராது. வந்தால் விட்டுவிடாதீர்கள். கோடுகளுக்கு நடுவே குனிந்து பார்க்க முடிகிறது.

இதற்கு உண்மையான போட்டி இன்னொரு செயலி அல்ல, இரண்டு ஈர்க்குச்சிகள். வகுப்பில் ஆளுக்கு இரண்டைக் கொடுத்து, ஒன்றை ஒன்று தொடாமல் பிடிக்கச் சொன்னால் ஒரு தளம் அமையாக் கோடுகள் கைக்குள் வந்துவிடும். முதலில் அதைச் செய்யுங்கள். பிறகு எண்களோடு செயலிக்கு வாருங்கள். ஏனென்றால் ஈர்க்குச்சி தூரம் 3 என்று சொல்லாது.

வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்குச் செயலி இலவசம். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இறக்கிக்கொள்ளலாம். கணினியின் உலாவியிலும் அப்படியே ஓடுகிறது. ஆகவே அரசுப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களில் இதற்கென எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆசிரியர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: படத்தைத் திருப்புவதற்கு முன், அம்பு எந்தப் பக்கம் வரும் என்று ஒவ்வொருவரையும் கையை நீட்டிக் காட்டச் சொல்ல வேண்டும்.