அன்றாட வாழ்வில் ஞான ஒடுக்கம்: இஞ்ஞாசியார் மரபின் கிளைகளும் வன்னியின் தேவையும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் கத்தோலிக்கப் பங்குகளில் ‘தியானம்’ என்றவுடன், தபசு காலத்தில் வெளியூரிலிருந்து வந்திறங்கும் ஒரு குருவானவர், கோவில் முற்றத்தில் கட்டப்பெற்ற ஒலிபெருக்கி, மூன்று நாட் பிரசங்கம், கடைசி நாளில் இருட்டும்வரை நீளும் பாவசங்கீர்த்தன வரிசை ஆகியவையே பெரும்பாலோர் மனக்கண்ணில் எழும். அப்பிரசங்கங்களால் மனந்திரும்பியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டாதலின் அவற்றைக் குறைத்துப் பேசுவதற்கு எனக்கு உரிமையில்லை. ஆயினும், புனித லொயோலா இஞ்ஞாசியார் திருச்சபைக்கு விட்டுச்சென்ற ஞானப்பயிற்சி மரபு பல கிளைகளாய் விரிந்த ஒன்று என்பதையும், அக்கிளைகளுள் வயலையும் கடலையும் நம்பி வாழும் இம்மண்ணின் மக்களுக்கு மிகவும் இயைந்தது, வீட்டையும் தொழிலையும் விட்டு அகலாமலே ஒரு வழிகாட்டியின் துணையுடன் நாடோறும் செய்யப்படும் ஞான ஒடுக்கமே என்பதையும் எடுத்துரைப்பது இம்மலருக்குப் பொருத்தமாகும் என்று கருதுகிறேன்.

1521ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டினால் கால் முறிந்து, லொயோலா மாளிகையில் மாதக்கணக்காகப் படுக்கையிற் கிடந்த அந்தப் போர்வீரருக்கு, அவர் விரும்பிக் கேட்ட வீரக்கதைகள் கிடைக்கவில்லை. கிடைத்தவை கிறிஸ்துவின் சரித்திரமும் அர்ச்சியசிஷ்டர்களின் சரித்திரமுமே. வீரப்பிரதாபக் கனவுகளில் மூழ்கி எழுந்தபின் நெஞ்சு வறண்டு கிடப்பதையும், அர்ச்சியசிஷ்டர்களைப்போல் வாழ்வதை எண்ணி எழுந்தபின் மகிழ்ச்சி நெடுநேரம் நிலைத்திருப்பதையும் தம்முள்ளேயே கவனித்த அந்த நுண்ணிய அவதானிப்பிலிருந்துதான், பின்னர் மன்றேசாவில் 1522-23 காலத்தில் உருப்பெற்ற ஞானப்பயிற்சி நூல் முழுவதும் கிளைத்தது என்று கூறினும் மிகையாகாது.

நம்மில் பலர் அறியாத ஒரு செய்தியை இவ்விடத்திற் குறிப்பிட வேண்டும். இஞ்ஞாசியார் குருப்பட்டம் பெற்றது 1537இல். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, அல்காலா நகரில் ஓர் ஏழை மாணாக்கராய்ப் படித்துக்கொண்டிருந்தபோது, விதவைகளும் வேலைக்காரப் பெண்களும் கைத்தொழிலாளரும் அவரை நாடிவர, அவர்களுக்கு ஆத்தும சோதனை செய்யும் முறையையும் செபிக்கும் முறைகளையும் அவர்களுடைய அன்றாட அலுவல்களின் நடுவிலேயே கற்பித்துவந்தார். அதன்பொருட்டு விசாரணைக்கு உட்பட்டு நாற்பத்திரண்டு நாட்கள் சிறையிலும் இருந்தார். இன்னும் நான்காண்டுகள் படித்தாலன்றி விசுவாச விஷயங்களைப் பேசலாகாது என்ற கட்டளையுடனேயே விடுதலை பெற்றார். மடத்துச் சுவர்களும் மௌன மண்டபங்களும் இம்மரபோடு வந்து சேர்வதற்கு முன்னரே, பொதுநிலையினர் ஒருவர் பொதுநிலையினருக்கு அவர்கள் வாழ்ந்த இடத்திலேயே வழங்கிய கொடையாக அது இருந்தது.

நூலுக்குப் பாப்பரசர் மூன்றாம் பவுல் 1548 யூலை 31இல் அங்கீகாரம் அளித்தார். பயிற்சியை நடத்துவோர்க்கான விதிநூல் ஒன்றை இயேசு சபையார் 1599இல் வெளியிட்டனர். முப்பது நாட்கள் தனித்திருந்து முழுமையாகச் செய்யும் முறை துறவிகளுக்கும் குருமாணவருக்கும் உரிய தலைக்கிளையாயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்து வான் நகரில் பொதுநிலையினருக்கென்றே தியான இல்லங்கள் எழுந்தன. அங்கே ஒரே வேளையிற் பலர் கூடியமையால், தனியொருவருக்குச் செவிசாய்க்கும் வழிகாட்டியின் இடத்தைக் கூட்டத்துக்குப் பேசும் பிரசங்கியார் படிப்படியாக எடுத்துக்கொண்டார். நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தது பெரிதும் இந்தப் பிரசங்கக் கிளையே. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னரே, மூலநூலுக்குத் திரும்பிய அறிஞர்கள் தனிவழிகாட்டுதலை மீண்டும் நிலைநிறுத்தியதோடு, நூலின் முகப்பிலுள்ள இருபது குறிப்புகளுள் பத்தொன்பதாவது குறிப்பு கூறும் முறையையும் புதுப்பித்தனர். பொது அலுவல்களில் ஈடுபட்டு ஒதுங்கிச் செல்ல இயலாத ஒருவர் நாளொன்றுக்கு ஒன்றரை மணிநேரத்தை ஒதுக்கி முழுப்பயிற்சியையும் செய்யலாம் என்பதே அக்குறிப்பு. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் கில் கியூசோன் அடிகளார் இதனை விரிவாக வளர்த்தார். பிரித்தானியாவில், பங்குகள்தோறும் ஒரு வாரம் நடைபெறும் வழிகாட்டப்பட்ட செபவாரம் என்ற சிறிய வடிவமும் தோன்றியது. 1563இல் உரோமையில் தொடங்கிய மரியன்னை சபைகள் 1967இல் கிறிஸ்தவ வாழ்வுச் சமூகமாக மறுவடிவம் பெற்றபோது, இம்முறை பொதுநிலையினருக்கு இயல்பான சாதனமாயிற்று.

நம் நாட்டின் வடபுலத்துக்கு இம்மரபின் காற்று வந்தது மிகப் பழைய காலத்தில். பாரிசு நகரில் 1534இல் இஞ்ஞாசியாரிடமே நேரடியாக ஞானப்பயிற்சி பெற்ற சவேரியாரின் பணியோடு மன்னார்க் கரையின் கிறிஸ்தவம் தொடங்குகின்றது. 1544இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனால் அங்குள்ள கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்ட வரலாறும் அதன் பகுதியே. தமிழ் எழுத்துகளில் முதன்முதல் அச்சேறிய நூல்களை ஆக்கிய அண்டிறிக்கு அடிகளாரும் இயேசு சபையினரே, மன்னாரிலும் பணியாற்றியவரே. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் அச்சபையாரின் பணி இங்கு அறுபட்டது. அதன்பின் திருச்சபையை உயிர்ப்பித்த புனித யோசேப் வாசும் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகளும் கோவாவிலிருந்து வந்த ஒறற்றோறியன் சபையினர். 1847இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகளுக்கு அவர்களுடைய சொந்த ஞானமரபு ஒன்று இருந்தது. 1928இல் தோலகட்டியில் தோமஸ் அடிகளார் நிறுவிய செபமாலைத் தாசர் சபையோ தவத்தையும் மௌனத்தையும் தமிழ் மண்ணுக்கு ஏற்றவாறு வடித்த முழுத் தியான வாழ்வு.

ஆகவே வன்னிக் கத்தோலிக்கரின் பக்தியில் இஞ்ஞாசியாரின் பெயர் பெரிதாக ஒலிக்காதது வியப்பன்று. எனினும் கொன்சால்வெஸ் சுவாமிகளின் வியாகுல பிரசங்கத்தைத் தபசு காலத்தில் ஒப்பாரி இராகத்தில் வாசிக்கக் கேட்டு வளர்ந்த நம் தாய்மார், கெத்சமனித் தோட்டத்தையும் கல்வாரி மலையையும் கண்முன் நிறுத்தி, அங்கே தாமும் ஒருவராய் நின்று அழுவதற்கு யாரிடமும் பாடம் கேட்க வேண்டியவர்களல்லர். காட்சியை மனத்தில் அமைத்து அதனுள் நுழைவது இஞ்ஞாசியார் முறையின் உயிர்நாடி. அந்த நாடி வேறொரு வழியால் நம்மிடம் ஏற்கெனவே துடித்துக்கொண்டிருக்கின்றது.

அதன் நுட்பத்தைக் கிறிஸ்து பிறப்புத் தியானத்தில் அருகிருந்து காணலாம். நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குச் செல்லும் பாதையை மனக்கண்ணால் பார். அது எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், சமதரையா, மேடுபள்ளமா என்று கவனி. குகை பெரிதா சிறிதா, தாழ்ந்ததா உயர்ந்ததா, உள்ளே என்னென்ன இருந்தன என்று நோக்கு. நீயும் ஓர் ஏழை அடிமையாக அங்கு நின்று அவர்களுக்கு வேண்டியதைச் செய் என்பது அவர் கூறும் முறையின் சாரம். நிறைமாதக் கர்ப்பிணியான மாதா கழுதையின்மேல் இருக்க, சூசையப்பரோடு ஒரு வேலைக்காரப் பெண்ணும் ஓர் எருதும் உடன் செல்வதாக அவர் சித்திரிக்கின்றார். வேதாகமத்தில் இல்லாத அந்த எருதை ஏன் சேர்த்தார் என்று பண்டிதர்கள் ஆராயலாம். இறுதிப் போர் நெருங்கிய 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கூரைத்தகரத்தையும் உரப்பைகளில் கட்டிய நெல்லையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, மாட்டை அவிழ்த்துவிட மனமின்றிக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சியான மகளையும் நடத்திச் சென்ற குடும்பங்களுக்கு அந்த எருது ஆராய்ச்சிக்குரிய பொருளன்று. பாதையின் நீளத்தையும் அகலத்தையும் மனத்தால் அளக்கச் சொன்னால், அவர்கள் அளக்கப்போவது பரந்தன் முல்லைத்தீவு வீதியையே. அந்த வீதியில் தேவமாதாவைக் காண்பது கற்பனை விளையாட்டாகாது. இஞ்ஞாசியார் விரும்பிய செபமே அதுதான்.

வழிகாட்டியைப் பற்றிய அளவுகோல்கள் இந்த இடத்திலேதான் முக்கியத்துவம் பெறுகின்றன. நூலின் முகப்புக் குறிப்புகள் வழிகாட்டிக்கு இடும் கட்டுப்பாடு கடுமையானது. தியானப் பொருளைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அறிவின் மிகுதியால் ஆத்துமம் திருப்தியடைவதில்லை, உள்ளே சுவைப்பதனாலேயே அடைகின்றது. வழிகாட்டி தராசின் முள்ளைப்போல் நடுவில் நின்று, எந்தப் பக்கமும் சாயாது, சிருஷ்டிகரும் சிருஷ்டியும் நேரே பேசிக்கொள்ள இடம்விட வேண்டும். செபிப்பவரின் வயது, கல்வி, ஆற்றல் ஆகியவற்றுக்கேற்பப் பயிற்சியைக் குறைக்கவும் மாற்றவும் வேண்டும். இவற்றை வைத்துப் பார்த்தால், ஒரு மணிநேரம் பேசித் தீராத வழிகாட்டி எவ்வளவு புண்ணியவானாயினும் இம்மரபில் தேறமாட்டார் என்றே நான் துணிந்து கூறுவேன். பேச்சுவன்மையுள்ள நம் குருமாரிற் சிலருக்கு இது கசப்பாயிருக்கலாம்.

பயிற்சி நூலில் ‘முதல் வாரம்’ எனப்படும் பகுதியிலுள்ள நரகத் தியானத்தை எடுத்துக்கொள்வோம். நெருப்பைக் கண்ணாற் காண், ஓலத்தைக் காதாற் கேள், புகையை முகர், கண்ணீரின் கசப்பைச் சுவை, சுவாலையைத் தொடு என ஐம்புலன்களையும் அது ஈடுபடுத்துகின்றது. பதினாறாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் பிரபுவுக்கு அது சொகுசு வாழ்விலிருந்து விழிப்பூட்டிய மருந்து. 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பதுங்குகுழிக்குள் இருந்த ஒருவர் அந்த ஐந்தையும் தம் சொந்தப் புலன்களால் ஏற்கெனவே அனுபவித்தவர். அவரிடம் அந்தத் தியானத்தை அப்படியே நீட்டுவது ஞானமன்று, கொடுமை. அவருக்குப் பாவ தியானத்தின் முன்னர் நெடுநாட்கள் தேவனுடைய அன்பையும் காவலையும் பற்றிய வாசகங்களிலே தங்குவது தகும். அந்த நாட்களை நினைவுகூர அவர் விரும்பினால், அவர் விரும்பும் அளவுக்கே வழிகாட்டி உடன்செல்லலாம். நித்திரையின்மையும் திடுக்கிடுதலும் விடாமல் வருத்தும் ஒருவரை மனநல வைத்தியரிடம் அனுப்புவதும் வழிகாட்டியின் கடமையே. செபத்தினாலேயே எல்லாம் தீரும் என்று அவரைத் தடுத்து வைப்பவர் பயிற்சி நூலைச் சரியாக வாசித்தவரல்லர்.

இன்னொரு விதி நம் சூழலுக்கு மிக வேண்டியது. ஆத்தும வறட்சியின் காலத்தில் முன்செய்த தீர்மானத்தை மாற்றாதே என்பது அது. காணாமற்போன மகனைப் பற்றிய செய்திக்காக ஆண்டுக்கணக்காய்க் காத்திருக்கும் ஒரு தாய், ஒருநாள் செபமே வேண்டாம் என்று சொல்லக்கூடும். மறுநாள் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வேறூருக்குப் போய்விடலாம் என்பார். வழிகாட்டி அவருக்குப் புத்திமதி சொல்ல வேண்டுவதில்லை. அந்தத் தீர்மானம் எந்த மனநிலையிற் பிறந்தது என்று அவரே பார்க்கும்வரை பொறுமையோடு அருகிருந்தாற் போதும்.

நாடோறும் செய்யும் முறையின் செயற்பாடு எளிது. குறித்த ஓரிடத்துக்கு ஒன்றிரண்டு அடி முன்னே ஒரு பரமண்டல மந்திரம் சொல்லும் நேரம் நின்று, தேவன் தன்னை எவ்வாறு நோக்குகின்றார் என்று எண்ண வேண்டும். பின்பு முழங்காலிலோ, இருந்தோ, படுத்தோ, எந்த நிலையிற் பலன் கிடைத்ததோ அந்த நிலையிலேயே அரைமணியோ ஒரு மணியோ தங்க வேண்டும். முடிந்தபின் கால்மணி நேரம் அமர்ந்தோ உலாவியோ நடந்ததை மீட்டுப் பார்க்க வேண்டும். இரவில் ஆத்தும சோதனை: நன்றி கூறல், ஒளி கேட்டல், எழுந்த நேரம் முதல் நாளை மணிமணியாய் மீட்டல், மன்னிப்பு வேண்டல், நாளைக்குத் தீர்மானித்தல் என ஐந்து படிகள். ஒரு குறையை மட்டும் எடுத்துத் திருத்துவதற்கு, நாளுக்கு இரண்டு கோடுகள் கீறி, விழுந்த தடவைகளைப் புள்ளியிட்டு, நேற்றோடு இன்றையும் சென்ற வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிடும் ஒரு கணக்குமுறையையும் இஞ்ஞாசியார் தந்துள்ளார். கடைக் கொப்பியில் கடன்கணக்கு எழுதிப் பழகியவர்க்கு அது கஷ்டமாயிராது.

மூச்சுக்கு ஒரு சொல்லாகப் பரமண்டல மந்திரத்தைச் சொல்லிச் செபிக்கும், நூலிலுள்ள மூன்றாவது செபமுறை, வேளாண்மைக் காலத்தில் யானைக்கும் பன்றிக்குமாக இராமுழுதும் காவற்கொட்டிலில் விழித்திருக்கும் கமக்காரருக்கென்றே வகுக்கப்பட்டதுபோல் தோன்றுகின்றது. மூச்சைக் கவனிக்கும் பயிற்சி பௌத்தரிடத்தும் யோகியரிடத்தும் பழுத்தது என்பது தெரிந்ததே. பூனாவில் சாதனா நிலையத்தைத் தொடங்கிய அந்தோனி டி மெல்லோ அடிகளார் அக்கீழைத்தேசப் பயிற்சிகளை இஞ்ஞாசியார் செபத்தோடு இணைத்து 1978இல் எழுதிய நூல் உலகெங்கும் பரவியது. அவருடைய பிற்கால எழுத்துகளைப் பற்றி 1998இல் உரோமை எச்சரிக்கை விடுத்ததும் உண்மை. கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளும் விவேகத்தையும் அதே பயிற்சி நூல்தானே கற்பிக்கின்றது.

காலம் குறிப்பதிலே வெளிநாட்டு அட்டவணைகளை அப்படியே பின்பற்றுதல் தவறு. ஏறத்தாழ முப்பது வாரம் நீளும் முழுப்பயிற்சியை அந்நாட்டவர் புரட்டாதியில் தொடங்கிப் பாஸ்குக்கு முடிக்கின்றனர். நம் கமக்காரர் ஐப்பசி, கார்த்திகையில் காலபோக விதைப்பில் மூச்சுவிட நேரமின்றி இருப்பர். முல்லைத்தீவுக் கரையோரத்தாருக்கோ வாடைக்கடல் பெருகித் தொழில் ஓய்ந்திருக்கும் அம்மாதங்களே வாய்ப்பானவை. ஆதலின் இரணைமடுவின் கீழுள்ள பங்குகளில் அறுவடை முடிந்த மாசியில், தபசுடன் சேர்த்து ஆறுநாட் செபவாரமாகத் தொடங்குவதும், கரையோரப் பங்குகளில் மாரியில் தொடங்குவதும் உசிதம். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண மறைமாவட்டத்திலும், வவுனியா மன்னார் மறைமாவட்டத்திலும் அடங்குவதால், இரு ஆயர்களும் ஒத்துழைத்தாலன்றி வழிகாட்டிகளைத் தமிழிலேயே பயிற்றும் பொதுவேலை கைகூடாது. அருட்சகோதரிகளோடு ஓய்வுபெற்ற ஆசிரியைகளும், துயரைக் கடந்துவந்த விதவைகளும் இப்பணிக்குத் தெரிந்தெடுக்கப்பட வேண்டும். பெண்கள் தலைமை தாங்கும் வீடுகள் பலவாயுள்ள ஊர்களில் ஒரு பெண்ணே இன்னொரு பெண்ணின் குசினி வாசலில் அமர்ந்து கேட்பது எளிது. அவர்களுடைய பேருந்துக் கட்டணத்தைப் பங்குச்சபை கொடுக்கட்டும். ஒலிபெருக்கிக்கு ஆகும் வாடகையோடு ஒப்பிட்டால் அது அற்பத் தொகையே.