பேராதனைப் பூங்காவும் மவுண்ட்பேட்டன் அறிக்கையும்

கண்டிக்குப் போகிறவர்கள் பேராதனைத் தாவரவியல் பூங்காவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. இரண்டாம் உலகப்போரில் தென்கிழக்கு ஆசியாவுக்கான நேசநாட்டுப் படைகளின் தலைமையகம் அங்கேதான் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1944 ஏப்ரல் நடுவில் மவுண்ட்பேட்டன் அதை டெல்லியிலிருந்து இங்கே மாற்றினார்.

இதைப் பற்றித் தேடினால் முதலில் கைக்கு வருவது, அவர் தன் மேலிடமான கூட்டுத் தளபதிகளுக்கு எழுதி 1951இல் அச்சான அறிக்கை. பயனுள்ள ஆவணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜெயித்த பிறகு, ஜெயித்தவர் எழுதியது. எல்லாமே திட்டப்படி நடந்த மாதிரி ஒரு ஒழுங்கு அதில் வந்துவிடுகிறது. அதனால் நான் ஒரு வேலை செய்தேன். தேதிகளை மட்டும் தனியே ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். கதை மாறிப்போச்சு!

இலங்கைக்கு வரச் சொல்லப்படும் முக்கியக் காரணம், கடல்வழிப் போர். ஆனால் அந்தமான் மீதான படையிறக்கத் திட்டம் 1943 டிசம்பரிலேயே கைவிடப்பட்டது; தரையிறங்கு படகுகள் ஐரோப்பாவுக்குப் போய்விட்டன. தலைமையகம் பூங்காவுக்கு வந்த ஏப்ரலில், இம்பாலும் கோஹிமாவும் முற்றுகையில் இருந்தன. அதாவது, போர் மலையில் நடக்கும்போது அலுவலகம் கடலைப் பார்த்து நகர்கிறது.

அப்போ மவுண்ட்பேட்டன் ஒன்றுமே செய்யவில்லையா? அப்படியும் சொல்ல முடியாது. 1944 மார்ச் 14 அன்று கொமில்லா விமானதளத்தில் ஜெனரல் ஸ்லிம் அவரைச் சந்தித்து, அரக்கானிலிருந்து ஒரு டிவிஷனை இம்பாலுக்குத் தூக்கிவர விமானங்கள் கேட்டார். சீனாவுக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற அமெரிக்க விமானங்களை, மேலிட அனுமதி வரும்வரை காத்திராமல் மவுண்ட்பேட்டன் திருப்பிவிட்டார். இம்பால் தப்பியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. அந்த முடிவு பிறந்தது டெல்லியிலும் இல்லை, பேராதனையிலும் இல்லை, ஒரு விமானதளத்தில்.

கடல்வழித் தாக்குதல் கடைசியில் 1945 மே மாதம் ரங்கூனில் நடந்தது. படை இறங்கியபோது ஜப்பானியர் ஏற்கெனவே நகரைக் காலி செய்திருந்தார்கள்.

அறிக்கையைப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. தலைமையகம் எழுதும் வரலாற்றில், போரின் மையம் தலைமையகம்தான் என்று தோன்றும். அது அந்த வகை ஆவணத்தின் குணம். ஸ்லிம் 1956இல் எழுதிய புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். அவருக்கும் ஒரு பக்கச்சார்பு உண்டு. ஆனால் இரண்டையும் தேதிவாரியாக ஒட்டிப் பார்த்தால், பூங்காவுக்கும் போர்க்களத்துக்கும் இருந்த தூரம் பிடிபடும்.