ஃபின் வரும்வரை

கோவையில் குறிச்சி சிட்கோவிலோ கணபதிப் பக்கமோ ஏதாவது பட்டறைக்குள் போனால், என் கண் முதலில் தேடுவது வி.எம்.சி. மிஷினின் திரையில் ஓடும் புரோகிராமை. பம்பு ஃபிளாஞ்சில் வட்டமாக ஆறு பி.சி.டி. துளை போடும் சாதாரண புரோகிராமாகவே இருக்கட்டும். அதில் டூலை மாற்றச் சொல்லும் எம்06 வரும் இடத்தில் நின்று பார்க்காமல் நகர மாட்டேன்.

புரோகிராம் என்பது மிஷினில் வேலையை அமைக்கும் செட்டர் கையாளும் சின்ன மொழி. மேக்ரோ வசதி இருந்தால் சைன், கொசைன் போட்டு ஆறு துளைக்கும் அறுபது அறுபது டிகிரியாக இடம் கணக்கிட்டுக்கொள்ளும். ஆனால் மேகசினிலிருந்து டூலை எடுத்து ஸ்பிண்டிலில் மாட்டுவது எப்படி என்பது அதற்குத் தெரியாது. அந்த வேலை, மிஷின் செய்தவர் அதன் உள் கன்ட்ரோலரான பி.எம்.சி.-யில் எழுதிவைத்த லேடர் என்ற இன்னொரு புரோகிராமுடையது. எம்06 என்று எழுதும்போது சின்ன மொழி லேடரைக் கூப்பிடுகிறது. 1962-இல் நூற்பு மிஷின்களுக்காகத் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் பின்னாளில் சி.என்.சி. மிஷின்களும் செய்யத் தொடங்கியதால், கூப்பிடுகிறவரும் பதில் எழுதுகிறவரும் ஒரே ஊரில் இருக்கிறார்கள்.

ஃபானுக் கன்ட்ரோலில் இந்த அழைப்பு நடக்கும் ஒழுங்கு அழகானது. எம் எண் முதலில் எஃப்10 முகவரியில் வந்து உட்காரும். வழக்கமான அமைப்பில் 16 மில்லி செகண்ட் கழித்தே எம்.எஃப். சிக்னல் எழும். எண் அசையாமல் நின்ற பிறகுதான் 'இப்போது படி' என்ற சொல். லேடர் வேலையை முடித்து, 'முடிந்தது' என்று சொல்லும் ஃபின் சிக்னலை எழுப்பும். அதைப் பார்த்துக் கன்ட்ரோல் எம்.எஃப்.-ஐ இறக்கும், எம்.எஃப். இறங்கியதைப் பார்த்து லேடர் ஃபின்னை இறக்கும். புரோகிராமின் அடுத்த வரி, அதாவது அடுத்த பிளாக், அதற்கப்புறம்தான். தன் சிக்னலைத் தானே ஏற்றி இறக்குவதோடு சரி, யார் கையும் அடுத்தவர் பக்கம் நீளுவதில்லை.

1993-இல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த லுவா மொழியிலும் இதே கண்ணியம் உண்டு. சி மொழியில் எழுதிய ஃபங்ஷனை லுவா கூப்பிட்டால், மதிப்புகள் ஒரு ஸ்டேக்கில் வந்து நிற்கும். சி அவற்றை எடுத்து, விடைகளை அதே ஸ்டேக்கில் வைத்து, எத்தனை விடை என்ற எண்ணை மட்டும் திருப்பிச் சொல்லும்.

லேடரின் தரத்தை நான் ஒரே இடத்தில் பார்ப்பேன்: ஃபின் எதனால் எழுகிறது? டூல் கவ்விவிட்டது, மேகசின் பின்வாங்கிவிட்டது என்று சென்சார்கள் எல்லாம் ஒப்புக்கொண்ட பிறகு எழும் ஃபின் உண்டு. இத்தனை செகண்ட் ஆயிற்று, முடிந்திருக்கும் என்று டைமரை நம்பி எழும் ஃபின்னும் உண்டு. நல்ல நாளில் இரண்டும் ஒன்றுபோலவே ஓடும். கம்ப்ரஸரில் காற்று குறைந்து மேகசின் மெதுவாக நகரும் நாளில், முதலாவது காத்திருக்கும், அல்லது அலாரம் காட்டி நிற்கும். இரண்டாவது, மேகசின் விலகாதபோதே அடுத்த பிளாக்கை ஓடவிடும். டைமர் ஃபின்னை என்னால் மன்னிக்க முடிவதில்லை. செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லும் பதில் அது.

இன்னொரு நுணுக்கம். எம் கோடு இருக்கும் அதே பிளாக்கில் அச்சு நகர்வும் இருந்தால், வேலையை உடனே தொடங்குவதா, நகர்வு முடியும்வரை பொறுப்பதா? நகர்வு முடிந்ததைச் சொல்லும் டி.இ.என். என்ற சிக்னலைப் பார்த்து லேடர்தான் முடிவு செய்ய வேண்டும். எம்03 வந்தால் ஸ்பிண்டில் உடனே சுழலலாம். எம்05 வந்தால், டூல் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கையில் ஸ்பிண்டில் நிற்கக் கூடாது. இந்த வேறுபாட்டை மறக்காமல் எழுதிய லேடரைப் பார்த்தால் எழுதியவரைத் தேடிப் போய்க் கை குலுக்கத் தோன்றும்.

செட்டர் பக்கமும் திறமைக்கு இடமுண்டு. ஜி65 போட்டு மேக்ரோவைக் கூப்பிட்டு, ஏ, பி என்ற எழுத்துகளில் மதிப்பு அனுப்பினால், அவை உள்ளே 1, 2 என்ற எண்ணுள்ள மாறிகளில் வந்து சேரும். லேடரின் சிக்னலை 1000-இல் தொடங்கும் மாறிகளில் படிக்கலாம். 1100-இல் தொடங்குபவற்றில் எழுதலாம். ஆனால் கன்ட்ரோல் வரிகளை முன்கூட்டியே படித்துவைக்கும். ஃபிக்சர் கிளாம்ப் ஆகிவிட்டதா என்று கேட்கும் வரி, அச்சு முந்தைய நகர்வை முடிப்பதற்குள்ளேயே விடை வாங்கிவிடும். அது பழைய விடை. விஷயம் தெரிந்தவர் அதற்கு முன் ஓர் எம் கோடை வைத்து, முன்படிப்பை அங்கே நிறுத்தும்படி 3411-ஆம் பாராமீட்டரில் அதன் எண்ணைப் பதிந்திருப்பார். அந்த எம் கோடுக்கு லேடர் செய்ய வேண்டியது, ஃபின் கொடுப்பது மட்டுமே.